எலி மருந்துக்காரன் வீட்டு எலி

சின்னக்கருப்பு என்று கேட்டால் உத்தமபாளையத்தில் நாலு பேர் யோசிப்பார்கள். எலி மருந்துக்காரன் என்று கேளுங்கள், பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அதிலும் ஆளைத் தெரியாது, குரலைத்தான் தெரியும். டி.வி.எஸ். வண்டியின் முன்னால் ஒரு குழாய் ஸ்பீக்கர், பின்னால் ஒரு பேட்டரி, நடுவில் ஒரு டேப் ரிக்கார்டர். தேனியில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற ஒரு கடையில் உட்கார்ந்து அவனே பேசிப் பதிந்த கேசட்.

“வீட்டு எலி, வயக்காட்டு எலி, சுண்டெலி, பெருச்சாளி. ஒரே ஒரு பொட்டலம் வச்சுப் பாருங்க தாய்மாரே. குட்டியும் மிஞ்சாது, குலமும் மிஞ்சாது.”

அந்தக் கடைசி வார்த்தையை அவன் இழுக்கிற இழுப்பு இருக்கிறதே, அதற்காகவே பொட்டலம் வாங்கியவர்கள் உண்டு. களை எடுக்கிற பெண்கள் இடுப்பை நிமிர்த்தி நின்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூடவே சொல்லிக்கொண்டு ஓடி வருவார்கள். கடமலைக்குண்டு சந்தையில் அந்தக் குரல் கேட்டால்தான் கூட்டம் சேர்ந்ததாகவே சிலருக்கு நினைப்பு.

ஆள் கொஞ்சம் சொப்பனப் பேர்வழி. வண்டி அது பாட்டுக்குப் போகும், குரல் அது பாட்டுக்குப் பேசும், இவன் நெல் வயலையும் மலைமேல் கிடக்கிற மேகத்தையும் பார்த்துக்கொண்டு எங்கேயோ இருப்பான். ஒரு தடவை சொந்த வீட்டையும் வாசலில் நின்ற சொந்தப் பெண்டாட்டியையும் தாண்டி அரை மைல் போய்விட்டான். “இந்தப் பொம்பளைய எங்கனயோ பாத்திருக்கமேன்னு நெனைச்சுக்கிட்டே போனேன்” என்று திரும்பி வந்து சொன்னான். பவுனு மூன்று நாள் சிரித்தாள்.

பவுனு அதிகம் பேசுகிறவள் இல்லை. பக்கத்து வீட்டு ராஜாத்தியோடு திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போவாள், வருவாள். கல்யாணம் ஆகிப் பதினான்கு வருசம். முதலில் தங்கியது ஐந்தாம் மாதம் போய்விட்டது. அடுத்தது எட்டாம் மாதம் வரை இருந்து, ஆண் பிள்ளையாக, மூச்சில்லாமல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருசம் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பேசாத வீட்டுக்குள் வேறு எதையும் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்படி இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

2001-ம் வருசம் ஆடி மாதம், பவுனுக்கு நாள் தள்ளிப் போய், டாக்டரம்மாவும் உறுதியாகச் சொல்லிவிட்டார். சின்னக்கருப்பு அரைக் கிலோ பூந்தி வாங்கிக்கொண்டு நேரே ராஜாத்தி வீட்டுக்குத்தான் போனான். ராஜாத்தி நாலு பிள்ளை பெற்றவள், மனசில் பட்டதை நாக்கில் நிறுத்தத் தெரியாதவள். அவனுக்கு மதினி முறை. ஒரு கை பூந்தியை வாயில் போட்டு மென்று முடித்துவிட்டுச் சொன்னாள்.

“கொழுந்தனாரே, சொல்றேன்னு கோவிச்சுக்கிறாதீக. வாரத்துல ஆறு நாளு ஊர் ஊராப் போயி, குட்டியும் மிஞ்சாது, குலமும் மிஞ்சாதுன்னு கத்துறீக. எந்த வாசல்ல கத்துனது எந்த வீட்டுல பலிக்கும்னு யாரு கண்டா?”

சொல்லிவிட்டு இன்னொரு கை பூந்தி எடுத்தாள். அவளுக்கு அது அவ்வளவுதான். சின்னக்கருப்பு மிச்சப் பூந்தியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தான்.

வீட்டுக்கு வந்தான். வண்டியில் உட்கார்ந்தபடியே கேசட்டைச் சத்தம் குறைத்துப் போட்டுக் கேட்டான். பதினாறு வருசமாகத் தன் குரலைக் கேட்கிறான், அன்றைக்குத்தான் வார்த்தையைக் கேட்டான். முதல் பிள்ளை போன அன்றும் இந்தக் கேசட் ஓடியிருக்கிறது. இரண்டாவது பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்த வாரமும், வேறு பிழைப்பு இல்லாமல், இதே கேசட்டைப் போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறான்.

நம் பக்கத்தில் பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருசன் ஓர் உயிரைக் கொல்ல மாட்டான். பாம்பே வந்தாலும் ஒதுங்கி வழி விடுவான். இவனுக்கும் அது தெரியும். முன் இரண்டு தடவையும், ‘நான் விக்கத்தானே செய்றேன், வைக்கிறவன் வேற ஆளு’ என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடித் தப்பித்துக்கொண்டான். இந்தத் தடவை அந்த வக்கீல் எடுபடவில்லை. மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, குலசாமியை நினைத்து, விட்டத்தில் கட்டினான்.

“தொட்டில் கட்டுற வரைக்கும் என் கையாலயோ, என் சரக்காலயோ, என் வாயாலயோ ஒரு உசுரு போகாது சாமி.”

பவுனு கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து வழிந்தது.

கேசட்டில் இருந்த நாடாவை உருவி அடுப்பில் போட்டான். மீதி இருந்த மருந்துச் சரக்கைச் சாக்கில் கட்டினான். விற்றால் வேறு வீட்டில் உயிர் போகும், சும்மா கொடுத்தாலும் அப்படித்தான், ஆற்றில் போட்டால் மீன் சாகும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பரண்மேல் தூக்கிப் போட்டான். இந்த ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ இருக்கிறதே, அது குடி கெடுத்த அளவுக்குச் சாராயம்கூடக் கெடுத்திருக்காது. பதினாறு வருசம் எலியோடு பிழைத்தவனுக்குத் தன் வீட்டுப் பரணில் யார் நடமாடுவார்கள் என்று தோன்ற வேண்டாமா?

பிழைப்புக்கு நாப்தலின் உருண்டை, ஊதுவத்தி, ஊக்கு, சீப்பு என்று பெட்டியில் அடுக்கிக்கொண்டான். அதே குரல்தான், ஆனால் நாப்தலின் உருண்டையை எவ்வளவு தூரம் இழுக்க முடியும்? குரல் கேட்டு ஓடி வந்த பெண்கள், “எலி மருந்து இல்லையா” என்று கேட்டுவிட்டு ஒரு சீப்பை வாங்கிக்கொண்டு போனார்கள்.

எலிகளுக்கு எப்படித்தான் சேதி தெரிந்ததோ. ஐப்பசியில் முதல்போக அறுப்பு முடிந்து வயலெல்லாம் வெறுமையானதும், ஊருக்குள் வருகிற சுண்டெலியெல்லாம் இந்த வீட்டைத்தான் கேட்டு வந்ததுபோல வந்தன. ஓட்டு இடுக்கில் ஓட்டம், அரிசிப் பானையைச் சுற்றி ஓட்டம். சோப்புக்கட்டி முதல் அவன் வேட்டிக் கரை வரை எல்லாவற்றிலும் பல் பதிந்தது. டேப் ரிக்கார்டரின் வயரைக்கூட விடவில்லை. டீக்கடை பிச்சைமணிக்குக் கேட்க வேண்டுமா?

“வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு, எலி மருந்துக்காரன் வீடு எலிக்காடு” என்றான். கடையே சிரித்தது. சின்னக்கருப்பும் சிரிக்க வேண்டியதாயிற்று. டீ மட்டும் கசந்தது.

எரிச்சல் வராமல் இல்லை. ஆனால் வையவும் முடியாது. எலியை வைதால் தேடிப் போய்ப் பட்டுச்சேலையைக் கடிக்கும் என்பது தெரிந்த விசயம். பவுனுக்கு இருப்பதே ஒரே பட்டு. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினான். “இந்தாங்க, அந்தப் பானையை விட்டுட்டு இங்கிட்டு வாங்க” என்பான். கம்பிக் கூண்டு ஒன்று வாங்கி, தேங்காய்ச் சில்லு மாட்டி வைத்தான். காலையில் ஒன்றோ இரண்டோ உள்ளே உட்கார்ந்திருக்கும். கூண்டோடு வண்டியில் வைத்து முல்லையாற்றுப் பாலம் தாண்டி, அக்கரை வரப்பில் இறக்கித் திறந்துவிடுவான்.

“போயிட்டு வாங்க” என்பான்.

இப்படி ஒரு மாதம் நடந்தது. எலி குறைகிற வழியைக் காணோம். ஒரு நாள் கூண்டு திறக்கும்போது கூடவே வந்த ராஜாத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏன் கொழுந்தனாரே, நீங்களே வாங்கன்னு சொல்லி அனுப்புனா அதுக வராம என்ன செய்யும்?”

சின்னக்கருப்புக்குச் சுருக்கென்றது. மறுநாள் வாயை இறுக்கிக்கொண்டு நின்றான். ஆனால் புறப்பட்டுப் போகிற ஒரு உயிரைப் பார்த்து ‘போ’ என்று மட்டும் சொல்ல, ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லியே வளர்ந்த வாய்க்கு வரவில்லை. மாசமான பெண் இருக்கிற வீட்டிலிருந்து போகிறதைப் பார்த்து வெறும் ‘போ’ சொல்வதா? எலி தானாகப் போகும்வரை சும்மா நின்றுவிட்டு, அது வரப்புக்குள் மறைந்த பிறகு, கேட்காத தூரத்தில் மெதுவாக, “போயிட்டு வாங்க” என்று முடித்தான்.

பவுனு இதையெல்லாம் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டாள். டாக்டரம்மா அவளை எழுந்திருக்கவே விடவில்லை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, படி இறங்கக் கூடாது. வீட்டை இரண்டாகத் தடுத்த ஒரு பழைய பலகைச் சுவர் உண்டு. கட்டில் அதை ஒட்டிக் கிடந்தது. இடப்பக்கம் ஒருக்களித்தால் முகமும் வயிறும் பலகைப் பக்கம். காலையில் ராஜாத்தி சோறாக்கி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனால், புருசன் வருகிற வரை அந்தப் பலகைதான் அவளுக்குத் துணை.

பலகைக்கு அந்தப்பக்கம் எலிகள் குடித்தனம் நடத்தின. மத்தியான நேரம், ஊரே அடங்கிக் கிடக்கும். குமுளிப் பக்கத்திலிருந்து சாரல் காற்று ஓட்டுக்குள் நுழைந்து ஈரமாக வீசும். ஓட்டில் பதித்த ஒற்றைக் கண்ணாடியிலிருந்து வெயில் தரையில் ஒரு கட்டமாக விழுந்து, மெல்ல மெல்லக் கட்டிலை நோக்கி நகரும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த நேரத்தில் பலகையில் சுரண்டுகிற சத்தம் ஆரம்பிக்கும். சுரண்டும், நிற்கும், கேட்கும், திரும்பச் சுரண்டும். ஆறாம் மாதம் நடக்கிற சமயம், அந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்கிறதுபோல அவள் வயிற்றுக்குள் ஒரு தட்டு. பவுனு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். மறுபடி சுரண்டல். மறுபடி தட்டு.

சாயங்காலம் புருசனிடம் சொன்னாள். “அது சுரண்டுனா இது உதைக்குதுங்க. அங்கன ஓட்டம் இருக்கிற வரைக்கும் இங்கனயும் ஓட்டம் இருக்கும்னு எனக்கு ஒரு நெனப்பு.”

“கிறுக்கு மாதிரிப் பேசாத புள்ள” என்றான். ஆனால் அன்றைக்குப் பிறகு கூண்டை வைப்பதை நிறுத்திவிட்டான்.

அவளுக்கு ஒரு கனவு அடிக்கடி வந்தது. அறுத்த வயலில் வரப்புமேல் அவள் நடக்கிறாள். ஒரு சுண்டெலி வாயில் நெற்கதிரைக் கவ்விக்கொண்டு முன்னால் போகிறது, நின்று திரும்பிப் பார்க்கிறது, போகிறது. இவள் தோளில் ஒரு பிள்ளை தூங்குகிறது. கனமே இல்லை. வரப்பு முடியவே இல்லை, ஆனால் அவளுக்குக் கால் வலிக்கவும் இல்லை. விழித்துப் பார்த்தால் கை வயிற்றின்மேல் இருக்கும், கைக்கு அடியில் ஏதோ புரளும். ஒன்பது வருசத்தில் அவள் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை. வாய்விட்டே சொன்னாள், “எனக்குச் சந்தோசமா இருக்குங்க” என்று. சின்னக்கருப்பு வெளியே போய் முருங்கை மரத்தடியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ஏழு மாதம் முடிந்து எட்டு நடக்கிறது. அதுதான் போன தடவை பிள்ளையைக் கொண்டுபோன மாதம். சின்னக்கருப்பு சுற்று முடிந்து மத்தியானம் வந்து வண்டியை நிறுத்தினான். வாசலில், நல்ல வெயிலில், ஒரு சுண்டெலி நடந்து வந்துகொண்டிருந்தது. ஓடவில்லை, நடந்தது. அவன் செருப்புக்குப் பக்கத்தில் வந்தும் ஒதுங்கவில்லை. தண்ணீர்ப் பானையில் கசிந்த ஈரத்தைப் போய் நக்கியது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது.

‘மருந்து தின்ன எலி தண்ணி தேடி வெளியில வந்துரும் தாயி, வீட்டுக்குள்ள நாறாது.’ பதினாறு வருசம் அவன் வாயால் சொல்லி விற்ற வாக்கு. சொன்னானே தவிர, பார்த்ததில்லை. எலி சாகிற நேரத்தில் எலி மருந்துக்காரன் எப்போதும் அடுத்த ஊரில் இருப்பான். இன்றைக்குத்தான் அது அவன் காலடியில் நடந்தது. சின்ன வயிறு ஏறி ஏறி இறங்கியது, பிறகு நின்றது.

பரண்மேல் ஏறிப் பார்த்தான். சாக்கில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே இருந்தது சோற்றில் கலந்து வைக்கிற பழைய பொடி இல்லை, கடைசியாக எடுத்த புதுச் சரக்கு, இனிப்பு வாசனை போட்ட கட்டி மருந்து. கடித்துக் குதறிக் கிடந்தது. சின்னக்கருப்பு பரணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். விட்டத்தில் கட்டிய மஞ்சள் முடிச்சு அவன் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. என் சரக்கால் ஒரு உயிரும் போகாது என்று சொன்ன அதே முடிச்சு. ‘எம்புள்ளைய நானே கொன்னுட்டேனா?’ என்று கேட்டான். சத்தமாகக் கேட்கவில்லை. கீழே பவுனு படுத்திருந்தாள்.

மிச்ச மருந்தைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே கரட்டு மேட்டில் ஆழக் குழி தோண்டிப் புதைத்தான். மூன்று நாளில் ஏழு எலிகள். அடுப்படியில் ஒன்று, குதிருக்குப் பின்னால் இரண்டு, இப்படி. ஒவ்வொன்றையும் துண்டில் மறைத்து எடுத்துப் போய் முருங்கையடியில் புதைத்தான். நாலாவதைப் புதைக்கும்போது வேலிக்கு அந்தப்பக்கம் ராஜாத்தி நின்றாள்.

“நீங்க வச்சீகளா?”

“இல்ல மதினி. ஆனா என் சரக்கு.”

ராஜாத்தி, நாக்கில் எதையும் நிறுத்தத் தெரியாத ராஜாத்தி, ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது.

“அவகிட்ட சொல்லிறாதீக மதினி. அதுக ஓட்டத்துலதான் அவ உசுர வச்சிருக்கா.”

“நான் எதுக்குச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

வீடு நிசப்தமாகிவிட்டது. அப்படி ஒரு நிசப்தம் கெடுதலானது. சோற்றுப் பானையின் மூடியைக்கூட மெதுவாக வைக்கத் தோன்றும். நாலாம் நாள் மத்தியானம் பவுனு கேட்டாள்.

“என்னங்க, சத்தத்தையே காணோம்?”

“குளுருக்குப் பதுங்கிக் கெடக்கும்.”

கொஞ்ச நேரம் கழித்து, பலகையைப் பார்த்தபடியே சொன்னாள். “இதுவும் காலையில இருந்து அசையலங்க.”

வண்டி பிடிக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எல்லாம் சின்னக்கருப்புக்குத் தெரிகிறது, ஆனால் உடம்பு நகரவில்லை. “இரு, தண்ணி கொண்டாறேன்” என்று சொல்லிவிட்டுப் பலகைக்கு அந்தப்பக்கம் போனவன், செம்பை எடுக்காமல் பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். அவன் விரல் நகம் பலகையில் பட்டது. ஏன் செய்தான் என்று பிறகு அவனுக்கே தெரியவில்லை. சுரண்டினான். நிறுத்தினான். கேட்டான். திரும்பச் சுரண்டினான்.

கட்டில் பக்கம் வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு பவுனு குரல் வந்தது, தூக்கத்தில் பேசுகிறவள்போல.

“உதைக்குதுங்க.”

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான்.

சாயங்காலம் டாக்டரம்மாவிடம் காட்டியும் வந்தார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறது என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மறுநாள் மத்தியானம் சின்னக்கருப்பு வாடிக்கை ஊர்களைப் பாதியில் விட்டுவிட்டு வீடு வந்தான். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தி, பின்வாசல் வழியாக நுழைந்து, பலகைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான்.

அதன்பிறகு அது அவன் வேலையாகவே ஆகிவிட்டது. எலியைப் பற்றி அவனுக்குத் தெரியாததா? சும்மா சுரண்டினால் அது எலி இல்லை, மனுசன். எலி நடுவில் நின்று காது கொடுக்கும், பயந்து ஓடும், வேறு இடத்தில் ஆரம்பிக்கும். சீப்பு விற்கிறவன்தானே, சீப்பின் பல்லால் பலகையின் கீழே ஓட்டினான், அது ஓட்டம். நாலு நெல்லை முறத்தில் உதிர்த்தான், அது தீனி. பீடி இருமல் வந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். நகம் தேய்ந்து சதை சிவந்தது. குரலை இழுத்து ஊரைக் கட்டிப்போட்டவன், குரலே இல்லாமல் ஒரு வயிற்றைக் கட்டிப்போட்டான். பதினாறு வருசம் எலியை ஒழித்தவன் இரண்டு மாதம் எலியாக இருந்தான்.

சில நாள் அவனுக்கும் கண் சொருகும். சாரல் காற்று, ஓட்டுக் கண்ணாடியிலிருந்து நகர்ந்து வரும் வெயில், பலகைக்கு அந்தப்பக்கம் பவுனுவின் மூச்சு. விரல் மட்டும் சுரண்டிக்கொண்டிருக்கும். அரைத் தூக்கத்தில் அவளுடைய கனவு இவனுக்குள் வந்துவிடும். வரப்பு, கதிர், முன்னால் போகிற சின்ன உருவம். ஆனால் அவன் கனவில் அவள் பின்னால் வருவாள், முன்னால் போகிறது அவன்தான். திரும்பிப் பார்த்து, வருகிறாளா என்று உறுதி செய்துகொண்டு, மேலே நடப்பான்.

மாசி மாதம் ஒரு விடிகாலையில், ஒன்பது மாதமும் நிறைந்து, பவுனுக்கு ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. எடை கொஞ்சம் குறைச்சல், மற்றபடி ஒரு குறையும் இல்லை. ராஜாத்தி துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது சின்னக்கருப்பு கையை நீட்டவில்லை. பின்னால் கட்டிக்கொண்டான்.

“வாங்குங்க கொழுந்தனாரே.”

“கை சுத்தமில்ல மதினி.”

கையைக் கழுவிவிட்டு வந்தான். மறுபடி கழுவப் போனான்.

இரண்டாம் நாள் பிள்ளை அழ ஆரம்பித்தது. பால் குடித்தது, அழுதது. துணி மாற்றினார்கள், அழுதது. ராஜாத்தி நாலு பெற்ற அனுபவத்தையெல்லாம் காட்டிப் பார்த்தாள். தோளில் போட்டாள், தட்டினாள், நாக்கைச் சுழற்றி ஆராட்டினாள். நர்ஸ் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாள். அந்தக் கட்டில் வரிசையில் இருந்த மற்ற பிள்ளைகளும் கூட அழத் தொடங்கின. சின்னக்கருப்பு கட்டிலுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றான். மார்கழியின் பாவம் இப்போதுதான் வருகிறதோ என்று அவனுக்குத் தோன்றியது. பக்கத்தில் சாமான் வைக்கிற மரப்பெட்டி ஒன்று இருந்தது. இரண்டு மாதம் பழகிய விரல், சொல்லாமல் கொள்ளாமல், அந்தப் பெட்டியின் பலகையில் போய் உட்கார்ந்தது.

சுரண்டியது. நின்றது. திரும்பச் சுரண்டியது.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. கண்ணை மூடியபடியே முகத்தைச் சத்தம் வந்த பக்கம் திருப்பியது.

அவன் பயந்து கையை எடுத்தான். உதடு பிதுங்கியது, அழுகை கிளம்பியது. கையை வைத்தான். சுரண்டினான். நின்றுவிட்டது. சின்னக்கருப்பு நிமிர்ந்து பவுனுவைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், உதட்டில் மட்டும் சிரிப்பு இருந்தது.

இனியும் மறைத்து வைக்க அவனால் முடியவில்லை.

“பவுனு. அதுக எல்லாம் மார்கழியிலயே செத்துப்போச்சு. பரண்ல கெடந்த என் மருந்தத் தின்னு. நான் ஒங்கிட்ட—”

“தெரியும்.”

“எப்படி?”

“ஒண்ணு என் கட்டிலுக்கடியில கெடந்துச்சு. மதினிதான் எடுத்துப் போட்டாக. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்குனேன்.”

சின்னக்கருப்பு ராஜாத்தியைப் பார்த்தான். இரண்டு பேருடைய ரகசியத்தையும் ஒரே மடியில் இரண்டு மாதம் கட்டி வைத்திருந்த ராஜாத்தி, ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான காரியம் நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப, நான் சுரண்டுனது?”

“எந்த எலிங்க நடுவுல பீடிக்கு இருமும்?”

அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “பெறகு எதுக்குப் புள்ள என்னயச் சுரண்ட விட்ட?”

பவுனு கண்ணைத் திறந்தாள். “கட்டிலுக்கடியில அதப் பாத்த அன்னிக்கு, இந்தத் தடவையும் போச்சுன்னுதான் கெடந்தேன். அன்னிக்கு நீங்க தண்ணி எடுக்கப் போனீக. பலகைக்கு அந்தப்பக்கம் நீங்கன்னு தெரிஞ்சுதான் இவ ஒதைச்சா. பெறகு எனக்குப் பயமே இல்ல. தெனமும் மத்தியானம் ஒங்க வண்டி தெருமொனையில நிக்கிற சத்தம் வரைக்கும்தான் முழிச்சிருப்பேன். அதுக்கப்பறம் தூங்கிருவேன்.”

அவன் விரல் நின்றிருந்தது. பிள்ளையின் உதடு மறுபடி பிதுங்கியது.

“நிறுத்தாதீக” என்றாள் பவுனு. “இவளுக்குத் தெரிஞ்ச எலி அது ஒண்ணுதான்.”

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். ராஜாத்தி சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். சின்னக்கருப்பு பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தேய்ந்த நகத்தால் பலகையைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.